எழுத்து போன முக்காலி: டென்மார்க் வீடொன்றில் வாங்கிய மூன்று ஸ்டூல்கள், ஒரு நிகழ்வு ஆய்வு

2022 மார்ச்சில் தொடங்கி 2023 ஜூனில் முடிந்த ஒரு விஷயத்தை இங்கே பதிவு செய்கிறேன். டென்மார்க்கின் யூட்லாந்துப் பகுதியில் பழைய மரச்சாமான்களைப் பழுது பார்ப்பது என் தொழில். இதில் வருகிற சேகரிப்பாளர், வாரிசு, வணிகர் யாருடைய பெயரையும் எழுதவில்லை. சேகரிப்பாளரும் வாரிசும் எழுதச் சம்மதித்தார்கள். நடந்த தவறுகளில் பெரியது என்னுடையது. அதை மறைத்தால் மற்ற எதையும் எழுதிப் பயனில்லை.

பின்னணி

சேகரிப்பாளர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, ஆர்ஹூஸ் நகரில் வசிப்பவர். அடுக்குமாடி வீட்டில் நாற்காலி சேகரிக்க இடமில்லை, அதனால் ஸ்டூல்களை எடுத்துக்கொண்டேன் என்பார். அப்போது அவரிடம் பதினொன்று இருந்தன. நானா டிட்செல் 1962இல் வடிவமைத்த, நூல் சுற்றும் கட்டை போன்ற ஓரிகன் பைன் ஸ்டூல் அதில் ஒன்று. டிட்செல் தன் குழந்தைகளுக்காக யோசித்தது அது. உருட்டலாம், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம். மற்றவற்றில் காகிதக் கயிறு பின்னிய இருக்கைகள் நான்கு, மடக்கு ஸ்டூல் ஒன்று, யார் செய்ததென்று தெரியாத பால் கறக்கும் முக்காலிகள் சில.

அவரிடம் இல்லாதது ஒன்றுதான்: மோகன்ஸ் லாசனின் முக்காலி. கட்டடக் கலைஞரான லாசன் 1942இல் கோபன்ஹேகனில் நடந்த கண்காட்சிக்காக அதை வடிவமைத்தார். நாடு ஜெர்மன் ஆக்கிரமிப்பில் இருந்த காலம். கே. தாம்சன் என்ற தச்சரின் பட்டறையில் செய்யப்பட்டது. காலணி தைப்பவர்கள் நாள் முழுவதும் உட்கார்ந்து வேலை செய்த பழைய மூன்றுகால் ஸ்டூல்தான் அதன் மூலம். உட்காரும் உடம்புக்கு ஏற்பக் குழித்த இருக்கை, கடைசல் செய்த மூன்று கால்கள். கரடுமுரடான தரையிலும் மூன்று கால் ஆடாது. இது வடிவமைப்பாளர் கண்டுபிடித்ததல்ல, பட்டறையில் எல்லோருக்கும் தெரிந்தது. நம் மொழி அதைச் சொல்லிலேயே வைத்திருக்கிறது. நான்கு கால் இருந்தால் நாற்காலி, மூன்று இருந்தால் முக்காலி.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. லாசன் எடுத்துக்கொண்ட மூலவடிவம் ஊர் ஊராக இருந்தது. இறந்துபோனவர்களின் வீடுகளைக் காலி செய்யும்போது பரண்களிலிருந்து இன்றும் அவை வெளியே வருகின்றன. மூன்று கால், குழித்த இருக்கை என்றால் விற்பவர்கள் பலர் உடனே லாசன் பெயரை எழுதிவிடுகிறார்கள். பெயர் இருந்தால் விலை பல மடங்கு.

வாங்கிய நாள்

ஸ்கிவே நகருக்கு அருகே ஒரு வீடு. முதியவர் ஒருவர் இறந்தபின், வீட்டைக் காலி செய்து தரும் வணிகர் சாமான்களை விற்பனைக்கு வைத்திருந்தார். சேகரிப்பாளர் மூன்று ஸ்டூல்களை வாங்கினார்.

முதலாவது பீச் மரத்து முக்காலி. விளம்பரத்தில் "மோகன்ஸ் லாசனுடையதாகக் கருதப்படுகிறது, 1940கள், அடியில் கையெழுத்து" என்றிருந்தது. விலை 3,200 குரோனர்.

மற்ற இரண்டும் ஒரே மாதிரியான உயரமான பார் ஸ்டூல்கள். "தேக்கு, எரிக் புக்" என்று எழுதியிருந்தது. இரண்டுக்கும் சேர்த்து 2,800 குரோனர். எரிக் புக் வடிவமைத்த இந்த 61ஆம் எண் ஸ்டூலை 1960களில் செய்தது ஓட்டென்ஸே என்ற சிற்றூரின் இயந்திரத் தச்சுப் பட்டறை. பெயரைப் பார்த்து ஃபூனன் தீவில் இருக்கும் பெரிய ஓடென்ஸே நகரம் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். இது ஸ்கிவேக்குப் பக்கத்தில் சலிங் பகுதியில் இருக்கிற ஊர். அதாவது அந்த ஸ்டூல்கள் பிறந்த இடத்திலிருந்து அதிக தூரம் போகவே இல்லை. அவற்றின் பெயரில் எங்களுக்குச் சந்தேகம் வரவில்லை. வடிவம், அடிச்சட்டத்தின் இணைப்பு எல்லாம் தெரிந்த மாதிரியோடு ஒத்துப்போயின.

காரின் பின்பெட்டியில் முக்காலியைத் தலைகீழாக வைத்துப் பட்டையால் கட்டியபின், மகளுக்குக் காட்டுவதற்காகச் சேகரிப்பாளர் கைபேசியில் ஒரு படம் எடுத்தார். அவசரத்தில் எடுத்த மங்கலான படம். பின்னால் அது எங்களுக்கு எவ்வளவு வேண்டியிருக்கும் என்று அப்போது யாருக்கும் தெரியாது.

முதல் மாலை: நான் செய்த தவறு

அன்று மாலை சேகரிப்பாளர் ஸ்டூல்களோடு நேராக என் பட்டறைக்கு வந்தார். முக்காலியின் ஒரு கால் ஆடியது. அடிப்பக்கம் முழுக்கக் கரியும் பிசினும் படிந்து கறுத்திருந்தது. சேகரிப்பாளர் வீட்டுக்குப் போன பிறகு, சோப்புச் சீவல் கரைத்த வெதுவெதுப்பான நீரும் தூரிகையும் எடுத்து அடிப்பக்கத்தைத் தேய்த்துக் கழுவினேன். டென்மார்க்கில் பீச், ஓக் போன்ற வெளிர் மரங்களைச் சோப்பு நீரால் பராமரிப்பது பழைய வழக்கம். கையும் அதற்குப் பழகியிருந்தது. விளக்கு வெளிச்சம் போதவில்லை. விளம்பரத்தை நான் படித்திருக்கவும் இல்லை. இருபது நிமிடத்தில் மரம் வெளுத்துப் பளிச்சென்று வந்தது. எனக்குத் திருப்தியாகவே இருந்தது.

மறுநாள் காலையில் சேகரிப்பாளர் தொலைபேசியில் கேட்டார்: "அந்தக் கையெழுத்தைப் படித்துப் பார்த்தீர்களா?"

டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துத் தேடினேன். பென்சில் அழுத்திய பள்ளமாவது மிஞ்சியிருக்குமா என்று உருப்பெருக்கிக் கண்ணாடியால் அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. அவரிடம் அப்படியே சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் பின்பெட்டியில் எடுத்த படத்தை அனுப்பினார்.

படத்தைப் பெரிதாக்கினால், கட்டிய பட்டையின் ஓரத்திலிருந்து நான்கு லத்தீன் எழுத்துகள் தெரிந்தன: எஸ், எஸ், இ, என். பெயரின் முன்பாதி பட்டைக்கு அடியில் மறைந்திருந்தது. "லாசன்" என்பதை லத்தீன் எழுத்தில் எழுதினால் கடைசி நான்கும் இவையே. வணிகர் அப்படிப் படித்ததில் வியப்பில்லை. ஆனால் அவற்றில் கடைசி மூன்றும் சேர்ந்து "மகன்" என்று பொருள்படும், அந்த முடிவு டேனிஷ் குடும்பப் பெயர்களில் மிகச் சாதாரணம். ராஸ்முசன், தாமசன், நிசன் எல்லாமே அதே நான்கு எழுத்துகளில்தான் முடிகின்றன. விடை சொல்லியிருக்கக்கூடிய பாதியைத்தான் நான் கழுவி ஊற்றியிருந்தேன்.

படத்தில் இன்னொன்றும் தெரிந்தது. எழுத்தின் கோடு, கறுத்த படிவுக்கு மேலே பென்சிலின் பளபளப்போடு ஓடியது. மரத்தின் மேல் அல்ல, அழுக்கின் மேல் எழுதியிருக்கிறார்கள். அதனால்தான் அழுக்கோடு அதுவும் போயிற்று. செய்தவர் பெயர் எழுதினால் புது மரத்தில் எழுதுவார். பல வருடம் புழங்கிக் கறுத்த பிறகு பெயர் எழுதுகிறவர் பெரும்பாலும் வைத்திருப்பவர். ஒரு மங்கலான படத்தை வைத்து இதை உறுதியாகச் சொல்ல முடியாதுதான். ஆனாலும் எங்கள் சந்தேகம் இங்கேதான் ஆரம்பித்தது.

முக்காலியை அளந்து பார்த்தபோது

எழுத்து போய்விட்டது. இனி மரத்தைத்தான் கேட்க வேண்டும். அதற்குப் பிறகு எதையும் துடைக்காமல், சுரண்டாமல், இரண்டு வாரம் பார்ப்பதை மட்டும் செய்தேன்.

வெர்னியர் காலிப்பரால் ஒவ்வொரு காலையும் இரண்டு திசையில் அளந்தேன். ஒரு காலில் ஒரு திசையில் 36.4 மில்லிமீட்டர், குறுக்கே 35.5. மற்ற இரண்டிலும் இதே போல வேறுபாடு. கடைசல் இயந்திரத்திலிருந்து வரும்போது கால் வட்டமாகத்தான் இருக்கும். மரம் காயும்போது ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் சுருங்குவது, மையத்திலிருந்து வெளியே போகும் திசையில் சுருங்குவதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. அதனால் வட்டம் மெல்ல நீள்வட்டமாகிறது. சூளையில் நன்றாக உலர்த்திக் கடைந்த புதுக் காலில் இவ்வளவு வேறுபாடு எதிர்பார்க்க முடியாது. ஆக இது அண்மைக்கால நகல் இல்லை. ஆனால் காலிப்பர் வயதைப் பற்றித்தான் பேசும். யார் செய்தது என்று அதற்குத் தெரியாது. பச்சை வாடை போகாத மரத்தைக் கடைந்திருந்தால் இதே வேறுபாடு இன்னும் சீக்கிரம் வந்துவிடும் என்பதையும் கணக்கில் வைத்தேன்.

கால்களின் மேல்முனை இருக்கையைத் துளைத்து மேலே வந்து, அங்கே ஆப்பு அடித்து இறுக்கப்பட்டிருந்தது. மூன்று ஆப்பும் கையால் செதுக்கியவை, ஒன்றுபோல் ஒன்று இல்லை. கால்களுக்கு இடைப்பட்ட தூரம் 291, 297, 304 மில்லிமீட்டர். கடைசலில் வரும் மோதிர வரைகள் மூன்று காலிலும் சற்று ஏறி இறங்கின. இருக்கையின் அடியில் இழைப்புளி போன தடம் அலையலையாகத் தெரிந்தது. ஆடிய காலைச் சுற்றி இருந்த பசை விலங்குத் தோலில் காய்ச்சிய வச்சிரம். ஈரப்பஞ்சு வைத்தால் இளகியது.

இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், ஒரு கிராமத்துத் தச்சர் அளவுகோலை அதிகம் நாடாமல், கைக்கணக்கில் செய்த சாமானாகத் தோன்றியது. கண்காட்சியில் வைக்க நகரத்துத் தேர்ந்த பட்டறையில் செய்த ஒன்றில் அடிப்பக்கம் இப்படி இருக்குமா? அந்த நாளில் அங்கே வேலை செய்தவர்கள், யாரும் பார்க்காத பக்கத்தையும் இழைத்து முடிப்பதில் பெருமைப்பட்டவர்கள். இருந்தாலும் இது என் ஊகமே. சேகரிப்பாளரும் அதை ஊகம் என்றே எடுத்துக்கொண்டார்.

அதற்குள் கோபன்ஹேகனிலிருந்து ஒருவர், லாசன் என்றால் நல்ல விலைக்கு வாங்கிக்கொள்வதாக அவரிடம் சொல்லியிருந்தார். "கருதப்படுகிறது" என்ற சொல்லை அப்படியே வைத்து விற்றால் சட்டப்படி தவறில்லை என்றும் சிலர் யோசனை சொன்னார்கள். நான் வேண்டாம் என்றேன். எங்கள் இருவருக்கும் சந்தேகம் வந்த பிறகு அந்தச் சொல்லை எழுதினால், நாங்கள் அப்படிக் கருதுகிறோம் என்று பொய் சொல்வதாகிவிடும். அவரும் அதே முடிவில் இருந்தார். வாரிசைப் பார்க்கும்வரை விற்பனைப் பேச்சு இல்லை என்று கோபன்ஹேகன்காரருக்கு எழுதினார்.

வாரிசு காட்டிய படம்

ஏப்ரல் நடுவில், வணிகர் வழியாகக் கேட்டு, இறந்தவரின் மகனைச் சந்தித்தோம். சேகரிப்பாளர் முக்காலியையும் கூடவே எடுத்து வந்தார். வாரிசு அதைப் பார்த்ததும் கையால் தடவி, "இது தாத்தாவுடையது. அவர் காலணி தைத்தவர்" என்றார். அவர்கள் குடும்பப் பெயரும் அதே நான்கு எழுத்துகளில் முடிகிறது. வணிகர் இந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லையாம். நாங்களும் வாங்கும்போது கேட்கவில்லை.

அலமாரியிலிருந்து ஒரு படத்தை எடுத்துத் தந்தார். சன்னலோரம் தாழ்வான மேசை, சுவரில் தோல் துண்டுகள், தொங்கும் அச்சுக்கட்டைகள், நடுவே தோல் முன்மறைப்பு அணிந்த ஒருவர் முக்காலியில் உட்கார்ந்திருக்கிறார். பின்புறம் பென்சிலில் 1937 என்று எழுதியிருந்தது. முன்மறைப்பு கால்களை ஏறக்குறைய மூடிவிட்டது, இருக்கையின் இடது விளிம்பு மட்டும் தெளிவு. அந்த விளிம்பில் பக்கம் பக்கமாக மூன்று கத்தி வெட்டுகள், நடு வெட்டு மற்றவற்றைவிட நீளம். முக்காலியைப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தோம். அதே விளிம்பில் அதே மூன்று வெட்டுகள் இருந்தன.

நல்லவேளையாக அந்த விளிம்பை நான் உப்புத்தாளால் தேய்த்திருக்கவில்லை. அடுத்த வாரம் செய்வதாகத்தான் இருந்தேன். என் வேலைக் குறிப்பில் "விளிம்பு வெட்டுகளைச் சமப்படுத்த" என்று ஒரு வரி இப்போதும் இருக்கிறது.

படத்தின் பின்னால் இருக்கும் ஆண்டு எப்போது எழுதப்பட்டது என்பதற்கு வாரிசின் சொல்லைத் தவிர வேறு ஆதாரம் இல்லை. அது பாட்டியின் கையெழுத்து என்றார் அவர். அதை ஏற்றுக்கொண்டோம். அப்படியானால் இந்த முக்காலி லாசனின் வடிவத்துக்கு ஐந்து வருடமாவது மூத்தது. இது லாசனைப் பார்த்துச் செய்ததல்ல. லாசன் எந்த வகையைப் பார்த்து வடிவமைத்தாரோ, அந்த வகையைச் சேர்ந்தது.

சேகரிப்பாளருக்கு அன்று ஏமாற்றம்தான். திரும்பும் வழியில் அதிகம் பேசவில்லை. ஒரு மாதம் முக்காலியைப் பற்றி என்னிடம் கேட்கவும் இல்லை. பல வருடம் தேடிய ஒன்று கைக்கு வந்து இல்லையென்று ஆனால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும். என்னைக் கேட்டால், பெயர் தெரிந்த பட்டறையில் செய்து கண்காட்சி மேடையில் நின்ற முக்காலியைவிட, இன்னார் உட்கார்ந்து இன்ன வேலை செய்தார் என்று படத்தோடு சொல்ல முடிகிற இதுவே பெரிது. அப்போது இதை அவரிடம் சொல்லவில்லை. சொல்லும் உரிமை எனக்கில்லை என்று தோன்றியது.

உயர ஸ்டூல்கள் இரண்டு

அதே சந்திப்பில் வாரிசு இன்னொரு தாளும் தந்தார். அப்பா பார் ஸ்டூல்கள் வாங்கிய ரசீது, 1967ஆம் ஆண்டு, உள்ளூர் மரச்சாமான் கடையுடையது. அதில் மரத்தின் பெயர் தேக்கு என்று இல்லை. "பலிசாண்டர்" என்றிருந்தது. டேனிஷில் ரோஸ்வுட்டுக்கு அதுதான் பெயர்.

நான் அந்த ஸ்டூல்களைச் சரியாகப் பார்த்திருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். முக்காலியின் மேலேயே எல்லாக் கவனமும் போய்விட்டது. பட்டறைக்குத் திரும்பி இருக்கையின் அடியில் ஒரு திருகாணியைக் கழற்றினேன். புரியோடு ஒட்டி வந்த துகளில் இனிப்பான மணம். தேக்கின் தோல் மணம் இல்லை. இருட்டான எண்ணெய்ப் பூச்சுக்கு அடியில் கரும் கோடுகள் ஓடின. எடையும் தேக்குக்கு அதிகம்.

இந்தக் குழப்பம் அடிக்கடி நடக்கிறது. டென்மார்க்கின் அந்தக் காலத்துச் சாமான் என்றாலே தேக்கு என்று ஆகிவிட்டது. அதற்குக் காரணம் உண்டு. கோபன்ஹேகனில் 1897இல் தொடங்கிய கிழக்காசிய நிறுவனம் சயாமின் காடுகளிலிருந்து தேக்கு கொண்டுவந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு சயாம், பர்மா தேக்கு தாராளமாகக் கிடைத்தது. டேனிஷ்காரர்கள் அதை "டீக்" என்கிறார்கள். நம் தேக்குதான் போர்ச்சுகீசிய வாய்வழியாக அங்கே அப்படிப் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஆனால் 1960களில் விலை உயர்ந்த சாமான்கள் ரோஸ்வுட்டிலும் ஏராளமாக வந்தன. அவற்றில் பல பிரேசில் ரோஸ்வுட். நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரமும் அதே இனம்தான், வகைதான் வேறு.

அந்த வேறுபாட்டுக்குச் சட்டத்தில் பெரிய எடை இருக்கிறது. அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையில் பிரேசில் ரோஸ்வுட் 1992 முதல் முதலாம் பட்டியலில், அதாவது மிகக் கடுமையான பட்டியலில் இருக்கிறது. ஈட்டி உள்ளிட்ட அந்த இனத்தின் மற்ற மரங்கள் 2017 ஜனவரி முதல் இரண்டாம் பட்டியலில். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் முதலாம் பட்டியல் மரத்தாலான பொருளைச் சான்றிதழ் இல்லாமல் விற்கக் கூடாது, விற்பனைக்கு என்று விளம்பரமும் செய்யக் கூடாது. பழைய பொருள் என்பது தானாக விலக்கு தராது. செய்து முடித்த சாமான்களுக்கான விலக்கு 1947 மார்ச் 3க்கு முன் கைக்கு வந்தவற்றுக்கு மட்டுமே. நாங்கள் "வின்டேஜ்" என்று கொண்டாடுகிற காலம் முழுவதும் அந்தத் தேதிக்குப் பிந்தியது.

இதற்கிடையில் இங்கிலாந்திலிருந்து ஒரு சேகரிப்பாளர் அந்த ஜோடியைக் கேட்டிருந்தார். பிரிட்டன் 2020இல் ஒன்றியத்தை விட்டு விலகியது, 2021 முதல் ஒன்றியத்தின் வணிக விதிகளுக்கும் வெளியே. எனவே இங்கே ஏற்றுமதி அனுமதி, அங்கே இறக்குமதி அனுமதி, இரண்டும் வேண்டும்.

கண்ணால் பார்த்து இது பிரேசில் மரமா, வேறு ரோஸ்வுட்டா என்று சொல்ல நான் துணியவில்லை. உறுதியாகச் சொல்ல ஆய்வுக்கூடத்தில் நுண்ணோக்கி வைத்துப் பார்க்க வேண்டும், அதற்கு மரத்தில் ஒரு சில்லு வெட்ட வேண்டும். அதனால் கடுமையான பட்டியலில் இருப்பதாகவே எடுத்துக்கொண்டு நடப்பது என்று முடிவு செய்தோம். சேகரிப்பாளர் இங்கிலாந்துக்காரருக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினார். அப்புறம் சங்கடமான கேள்வி ஒன்று மிச்சமிருந்தது. சேகரிப்பாளர் வாங்கியதே சான்றிதழ் இல்லாத விற்பனை அல்லவா? மறைக்காமல் அனுமதி வழங்கும் அரசு அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டார். 1967 ரசீது, வாரிசின் எழுத்து வாக்குமூலம், ஸ்டூல்களின் படங்கள் எல்லாவற்றோடும் விண்ணப்பம் போனது. ஆகஸ்ட்டில் சான்றிதழ் வந்தது. சமையலறை இழுப்பறையில் யாரோ ஐம்பத்தைந்து வருடம் பத்திரமாக வைத்திருந்த ஒரு தாள் இல்லையென்றால் அந்த விண்ணப்பம் எங்கே நின்றிருக்குமோ.

ஜூனில் விழுந்த தூள்

முக்காலியின் ஒரு காலில் ஒன்றரை மில்லிமீட்டர் அளவில் ஏழெட்டுத் துளைகள் இருந்தன. மரம் அரிக்கும் வண்டு வெளியேறிய துளைகள். பழையவையா, இப்போதும் புழு உள்ளே இருக்கிறதா என்று துளையைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது. மார்ச்சிலிருந்தே முக்காலியை மற்ற சாமான்களிடமிருந்து தள்ளி, கறுப்புக் காகிதத்தின் மேல் நிறுத்தியிருந்தேன். இந்த வண்டு வெளியே வருவது பெரும்பாலும் மே முதல் ஆகஸ்ட் வரை. ஜூன் முதல் வாரத்தில் காகிதத்தில் வெளிர் நிறத் தூள் ஒரு சிறு குவியலாக விழுந்திருந்தது.

பூச்சிமருந்து பூசுவதா, உறைய வைப்பதா என்று யோசித்தோம். தினமும் உட்காரப்போகும் பொருள், பூச்சு எதுவும் இல்லாத மரம், மருந்து கறை படியலாம். உறைய வைப்பதைத் தேர்ந்தோம். முக்காலியைப் பாலித்தீன் தாளில் இரண்டு சுற்றுச் சுற்றி, உள்ளிருக்கும் காற்றை முடிந்தவரை வெளியேற்றி, நாடா ஒட்டி மூடினேன். வேட்டைக்குப் போகும் என் அண்டைவீட்டுக்காரர் மான் இறைச்சி வைக்கும் பெரிய உறைபெட்டியைக் காலி செய்து தந்தார். கழித்தல் 20 டிகிரியில் இரண்டு வாரம். வெளியே எடுத்தபின் ஒரு முழு நாள் தாளைப் பிரிக்கவில்லை. குளிர்ந்த மரத்தின் மேல் காற்றின் ஈரம் நீராகப் படியும், அது தாளின் மேல் படியட்டும் என்பதற்காக.

ஆடிய காலை அதற்குப் பிறகுதான் ஒட்டினேன். வெள்ளைப் பசை வேண்டாம் என்று பழையபடி வச்சிரமே காய்ச்சினேன். நாளைக்கு இன்னொருவர் கழற்ற வேண்டியிருந்தால் வெந்நீரும் பொறுமையும் போதும். பழைய ஆப்பையே திரும்ப அடித்தேன்.

என்ன ஆயிற்று

கண்டுபிடித்ததையெல்லாம் சேகரிப்பாளர் வணிகருக்கு எழுதினார். "கருதப்படுகிறது" என்பது உறுதிமொழி ஆகாது என்று முதலில் பதில் வந்தது. இரண்டாவது கடிதத்தோடு 1937 படத்தின் நகலும் போன பிறகு 1,000 குரோனர் திருப்பித் தந்தார். சேகரிப்பாளர் அதற்கு மேல் கேட்கவில்லை. கழுவியதற்காக என் கூலியை நான் வாங்கவில்லை.

முக்காலியைத் திருப்பித் தந்துவிடுவதாகச் சேகரிப்பாளர் வாரிசிடம் சொன்னார். தன் வீட்டில் இடமில்லை, உங்களிடம் இருந்தால் யாராவது பார்ப்பார்கள் என்று அவர் மறுத்துவிட்டு, படத்தின் நல்ல நகல் ஒன்றை அனுப்பினார். சேகரிப்பாளரின் பதிவேட்டில் முக்காலி இப்போது இப்படி இருக்கிறது: "காலணி தைப்பவரின் முக்காலி, பீச், செய்தவர் பெயர் தெரியாது, சலிங் பகுதி, 1937க்கு முன். அடியில் வைத்திருந்தவர் பெயர் இருந்தது, 2022இல் கழுவும்போது அழிந்தது." கடைசி வாக்கியம் நான் சொல்லி எழுதியது. பார் ஸ்டூல்கள் சான்றிதழோடு அவரிடமே இருக்கின்றன.

2023 ஜூனில் மறுபடி கறுப்புக் காகிதம் விரித்துப் பார்த்தோம். தூள் இல்லை.

இப்போது மாற்றியிருப்பவை

கழுவும் தொட்டி என் பட்டறையில் வாசலுக்குப் பக்கத்தில் இருந்தது. உள்ளே வரும் சாமான் நேராக அங்கே போவதற்கு வசதியாக. அதைப் பின்சுவருக்கு மாற்றினேன். வாசல் சன்னலுக்கு அடியில் இப்போது வெறும் மேசை. எது வந்தாலும் முதலில் அங்கே தலைகீழாக நின்று, பகல் வெளிச்சத்தில் ஒரு தடவையும், இருட்டியபின் சாய்ந்த டார்ச் வெளிச்சத்தில் ஒரு தடவையும் படம் எடுக்கப்படுகிறது. விற்றவர் எழுதிய விளம்பரத்தை உரிமையாளரிடம் கேட்டு வாங்கிப் படிக்காமல் தூரிகையைத் தொடுவதில்லை. வெட்டு, கறை, தேய்மானம் எதையும் "சமப்படுத்த" என்று குறிப்பு எழுதுவதையும் நிறுத்திவிட்டேன். உரிமையாளர் கேட்டால், அது எப்படி வந்திருக்கும் என்று இருவரும் பேசிய பிறகு பார்க்கலாம் என்கிறேன்.

சேகரிப்பாளரும் வாங்கும் முறையை மாற்றிக்கொண்டார். வடிவமைப்பாளர் பெயரைக் கேட்பதற்கு முன் வீட்டில் யார் இருந்தார்கள், என்ன தொழில் செய்தார்கள் என்று கேட்கிறார். கருத்த மரம் என்றால் தேக்கு என்று யார் எழுதியிருந்தாலும், திருகாணியைக் கழற்றி மோந்து பார்க்க அனுமதி கேட்கிறார். ரசீது இருந்தால் ஸ்டூலோடு சேர்த்துத் தரச் சொல்கிறார்.

ஒன்றில் மட்டும் எங்களுக்குள் இன்னும் உடன்பாடு இல்லை. அடிப்பக்கத்தில் அழிந்த பெயரைக் கைபேசிப் படத்தைப் பார்த்து மறுபடி பென்சிலால் எழுதலாமே என்று வாரிசு கேட்டார். சேகரிப்பாளருக்கு அதில் விருப்பம் உண்டு. நான் எழுத மாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். இப்போதைக்குப் பெயரும் படத்தின் நகலும் ஒரு பருத்தி உறைக்குள் இருக்கின்றன. பசை எதுவும் இல்லாமல், கால்களுக்கு நடுவே நாடாவால் கட்டியிருக்கிறது.